படுத்த படுக்கையா இருக்கறவங்க வாய்க்கு ஸ்பாஞ்சா, பிரஷ்ஷா, மவுத்வாஷா?

ஸ்ட்ரோக் வந்த அம்மாவையோ டிமென்ஷியா முத்திப் போன தாத்தாவையோ வீட்டுக்கு கூட்டிட்டு போறப்ப எல்லாத்துக்கும் லிஸ்ட் போட்டு கேக்கறாங்க. கட்டில் வாடகைக்கா சொந்தமா, டயப்பர் என்ன சைஸ், பால் மாவு எந்த பிராண்டு, வீல்சேர் லிப்ட்டுக்குள்ள நுழையுமா. வாய்க்கு மட்டும் கடைசியா கிளம்பற நேரத்துல "மிஸ்ஸி, அந்த பிங்க் கலர் ஸ்பாஞ்ச் குச்சி எங்க கிடைக்கும்?"னு நர்ஸான எங்ககிட்ட ஒரு கேள்வி, அவ்வளவுதான். வார்டுல நாங்க அதை வச்சிருக்கறத பாத்திருப்பாங்க, ஆஸ்பத்திரியிலயே அதைத்தான் யூஸ் பண்றாங்கன்னா அதுதான் பெஸ்ட்டா இருக்கும்னு நினைச்சுக்கறது நியாயம்தான். ஆனா அது அப்படி இல்ல. நான் இங்க சிங்கப்பூர்ல முதியவங்க வார்டுல நர்ஸா இருக்கேன், அந்த ஒரு கேள்விக்கு லிப்ட் வர்றதுக்குள்ள பதில் சொல்லி முடிக்க முடியாது, அதனால இங்க நிதானமா எழுதறேன்.

என் முடிவை முதல்லயே சொல்லிடறேன், பிடிச்சா மேல படிங்க. சாதாரண சாஃப்ட் டூத்பிரஷ்தான் மெயின், மத்த எல்லாமே அதுக்கு துணை. காசு செலவு பண்ணணும்னா பாட்டில்ல வர்ற மருந்துல பண்ணாதீங்க, தினமும் அந்த பிரஷ்ஷை பிடிக்கப் போற ஆளுக்கு ஒழுங்கா கத்துக் கொடுக்கறதுல பண்ணுங்க.

டியூப்ல சாப்பிடறவங்களுக்கு எதுக்கு பல் தேய்க்கணும்?

"அம்மா வாயால ஒண்ணும் சாப்பிடறதே இல்ல, எல்லாம் மூக்கு டியூப்லதான் போகுது, அப்புறம் வாய் எப்படி அழுக்காகும்?" இது நான் அடிக்கடி கேக்கறது, கேக்கறவங்க படிக்காதவங்க இல்ல, நல்லா படிச்சு பெரிய வேலையில இருக்கறவங்கதான். விஷயம் அப்படியே தலைகீழ். நாம சாப்பிடறப்ப மெல்லறோம், எச்சில் ஊறுது, நாக்கு அங்க இங்க உரசுது, தண்ணி குடிக்கறோம், வாய் பாதி தானாவே கழுவிக்குது. டியூப் போட்டவங்களுக்கு இதுல எதுவுமே நடக்கறதில்ல. அதுக்கு மேல வாயைத் திறந்து வச்சுக்கிட்டே தூங்குவாங்க, வாய் காய்ஞ்சு போகும், கிருமி நல்லா பெருகும், அந்த எச்சில் கொஞ்சம் கொஞ்சமா தொண்டை வழியா நுரையீரலுக்குள்ள எறங்கும். இருமக்கூட மாட்டாங்க, சத்தமே இல்லாம எறங்கும். அப்புறம் ஒரு நாள் காய்ச்சல், மூச்சு வாங்குது, ஆம்புலன்ஸ், திரும்ப எங்க வார்டு.

சிங்கப்பூர்ல சாவுக்கான காரணங்கள்ல நிமோனியா பல வருஷமா முதல் மூணு இடத்துக்குள்ள இருக்கு. அது எல்லாமே வாயில இருந்து வந்ததுன்னு சொல்ல வரல. ஆனா 1998ல அமெரிக்காவுல வயசானவங்களை வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, யாருக்கு இந்த மாதிரி எச்சில், சாப்பாடு எறங்கி நிமோனியா வருதுன்னு பாத்தப்போ முழுங்கறதுல பிரச்சனைங்கறது மட்டும் காரணமா நிக்கல, சாப்பிட அடுத்தவங்க ஊட்டி விட வேண்டிய நிலைமை, வாய் சுத்தத்துக்கு அடுத்தவங்களை நம்பி இருக்கற நிலைமை, சொத்தைப் பல் எத்தனை இருக்குங்கறது, இதெல்லாம் பெரிய காரணங்களா வந்து நின்னுச்சு. அடுத்த வருஷம், 1999ல, ஜப்பான்ல 11 முதியோர் இல்லங்கள்ல ரெண்டு வருஷம் பாத்த ஆய்வு லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்துச்சு. சாப்பாட்டுக்கு அப்புறம் ஸ்டாஃப் பல் தேய்ச்சு விட்டவங்கள்ல 11 சதவீதம் பேருக்கு நிமோனியா, அப்படி செய்யாதவங்கள்ல 19 சதவீதம். அவங்க பயன்படுத்தினது ஒண்ணும் ராக்கெட் இல்ல, டூத்பிரஷ்தான், கூடவே வாரா வாரம் பல் டாக்டரோ ஹைஜீனிஸ்ட்டோ வந்து பாத்தாங்க.

நேர்மையா இன்னொன்னும் சொல்லிடறேன், எல்லா ஆய்வும் இப்படி அழகா வரல. 2015ல அமெரிக்காவுல கனெக்டிகட் பக்கம் நர்சிங் ஹோம்கள்ல பிரஷ், குளோர்ஹெக்சிடின்ங்கற கிருமி கொல்ற வாய் மருந்து, நிமிர்ந்து உக்கார வச்சு ஊட்டறதுன்னு மூணையும் சேத்து பண்ணி பாத்தாங்க, பலன் தெரியலன்னு பாதியிலேயே நிறுத்திட்டாங்க. அதனால பல் தேய்ச்சா நிமோனியா வராதுன்னு நான் யாருக்கும் கேரண்டி கொடுக்கறதில்ல. வாய் வலி, நாத்தம், பூஞ்சை, ஆடற பல் இதெல்லாம் குறையும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல, அது ஒண்ணே போதும் தேய்க்கறதுக்கு.

ஸ்பாஞ்ச் குச்சியும் பிரஷ்ஷும்

ஸ்பாஞ்ச் ஏன் எல்லாருக்கும் பிடிக்குதுன்னு எனக்கு தெரியும். மென்மையா இருக்கு, வாய்க்குள்ள விட்டா குத்தாது, ரத்தம் வராது, நோயாளியும் பெருசா எதிர்க்க மாட்டாங்க, ஒரு சுத்து சுத்தி எடுத்தா கொஞ்சம் அழுக்கு ஒட்டி வரும், ஆஹா சுத்தமாயிடுச்சுன்னு ஒரு திருப்தி. ஆனா பல்லுல ஒட்டியிருக்கற அந்த மஞ்சள் படலம் இருக்கு பாருங்க, பிளாக்குன்னு சொல்றது, அது கிருமி தனக்குன்னு கட்டிக்கிட்ட வீடு, ஸ்பாஞ்ச் அது மேல வழுக்கிட்டு போயிடும். ஈறும் பல்லும் சேர்ற இடுக்குக்குள்ளயும் ரெண்டு பல்லுக்கு நடுவுலயும் பிரஷ்ஷோட நாருதான் போகும், ஸ்பாஞ்ச் போகாது. ரெண்டையும் ஒப்பிட்டு பாத்த ஆய்வுகள்லயும் பிளாக்கை எடுக்கறதுல பிரஷ்தான் ஜெயிச்சிருக்கு.

ஆபத்தும் இருக்கு. 2012ல பிரிட்டன்ல மருத்துவ சாதனங்களை கண்காணிக்கற அரசு அமைப்பு ஸ்பாஞ்ச் குச்சி பத்தி எச்சரிக்கையே விட்டாங்க, தலை கழண்டு வாய்க்குள்ள போய் மூச்சுக்குழாயை அடைக்கலாம்னு. சில பேர் ஒரு கப் தண்ணில குச்சிய ஊறப் போட்டுட்டு அப்புறம் வந்து எடுத்து யூஸ் பண்றாங்க, அது கூடவே கூடாது, ஊறினா ஒட்டியிருக்கற பசை விட்டுப்போகும். டிமென்ஷியா இருக்கறவங்க திடீர்னு நறுக்குன்னு கடிச்சிடுவாங்க, அப்ப என்ன ஆகும்னு நினைச்சு பாருங்க. வாங்கறதா இருந்தா ஒவ்வொரு தடவையும் தலையை இழுத்துப் பாத்துட்டு நனைச்சு உடனே யூஸ் பண்ணி தூக்கிப் போடுங்க, கழுவி காய வச்சு மறுபடி எடுக்காதீங்க.

அப்ப ஸ்பாஞ்சே வேண்டாமான்னா, அப்படியும் இல்ல. ஈரப்படுத்தறதுக்கு அது நல்ல சாமான். வாய் காய்ஞ்சு போனவங்களுக்கு ரெண்டு மணி நேரம், நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா உதட்டையும் நாக்கையும் நனைக்க, வாய் ஜெல் தடவ, அதுக்கெல்லாம் சரி. கடைசி நாட்கள்ல இருக்கறவங்களுக்கு அதை விட பெருசா ஒரு உபயோகம் இருக்கு, வலி, கஷ்டத்தை குறைக்கப் பாக்கற பேலியேட்டிவ் டீம்கிட்ட கேட்டுட்டு கோப்பி ஓல (பால் இல்லாத காபி) தொட்டு நாக்குல லேசா வைக்கலாம், ஒரு சொட்டு ருசிதான், ஆனா பல வாரமா டியூப்லயே இருந்த தாத்தா முகம் அப்ப எப்படி மாறும்னு பாத்தவங்களுக்குத்தான் தெரியும். அங்க பிளாக்கை பத்தி யாரும் கவலைப்பட வேண்டியதில்ல.

எலுமிச்சை வாசனையோட கிளிசரின் தடவி வர்ற குச்சி இன்னும் சில வீட்டுல பழைய ஸ்டாக் கிடக்கு. அதை தூக்கி குப்பையில போடுங்க. புளிப்பு பல்லை அரிக்கும், கிளிசரின் வாயை இன்னும் காய வைக்கும்.

பிரஷ்ல எது? சின்ன தலை, சாஃப்ட் நாரு, அவ்வளவுதான். குழந்தைங்க பிரஷ்ஷே பல பேருக்கு வசதி, வாய் முழுசா திறக்காதவங்களுக்கு பெரிய பிரஷ் உள்ள போகாது. கைப்பிடி மட்டும் நீளமா இருக்கறதா பாத்து எடுங்க. எலக்ட்ரிக் பிரஷ் கையில ஓரளவு பலம் இருந்து தானே தேய்ச்சுக்கறவங்களுக்கு நல்லது, படுக்கையில இருக்கறவங்களுக்கு அந்த அதிர்வும் சத்தமும் பயத்தை கொடுக்கும், நான் சிபாரிசு பண்றதில்ல. பல்லை மூணு பக்கமும் ஒரே நேரத்துல அணைச்சு தேய்க்கற மாதிரி தலை வச்ச பிரஷ் ஒண்ணு இருக்கு, ஆன்லைன்ல கிடைக்கும், ஒத்துழைக்காத நோயாளிக்கு நேரம் மிச்சமாகும், விலை கூடன்னாலும் அது பிரயோஜனமான செலவு.

சக்ஷன் பிரஷ்னு இன்னொன்னு, பிரஷ் தலையிலயே ஓட்டை இருக்கும், ட்யூப் வழியா சக்ஷன் மெஷின்ல மாட்டிடலாம், தேய்க்க தேய்க்க எச்சிலையும் தண்ணியையும் இழுத்துக்கும். ஏற்கனவே வீட்டுல சளி எடுக்க மெஷின் இருக்கா, ட்ராக்கியாஸ்டமி (மூச்சு விட கழுத்துல ஓட்டை போட்டு வைக்கற குழாய்) போட்டவங்களா, எச்சிலைக்கூட முழுங்க முடியாதவங்களா, அப்ப இதுதான் முதல் சாய்ஸ், யோசிக்கவே வேண்டாம். மெஷின் இல்லாதவங்க இதுக்காக மட்டும் மெஷின் வாங்கறது தேவையான்னு கேட்டா பெரும்பாலும் தேவையில்ல. சரியா உக்கார வச்சு, பேஸ்ட்டை பூச்சு மாதிரி கம்மியா வச்சு, பிரஷ்ஷை தண்ணில முக்கி உதறிட்டு தேய்ச்சு, வர்ற ஈரத்தை காஸ் துணியால ஒத்தி எடுத்தா போதும்.

படுக்கை பொசிஷன்தான் இதுல பாதி வேலை. மல்லாக்க படுத்துக்கிட்டு இருக்கறவங்க வாயில தண்ணி பட்டாலே அது நேரா தொண்டைக்குத்தான். கட்டிலை எவ்வளவு நிமிர்த்த முடியுமோ நிமிர்த்துங்க, தாடை லேசா கீழ சாய்ஞ்சிருக்கணும், நிமிர முடியாதவங்களை ஒருக்களிச்சு படுக்க வச்சு கன்னத்துக்கு கீழ துண்டு போடுங்க. டியூப்ல பால் போட்ட கையோட வேண்டாம், வாந்தி வந்தா பெரிய தலைவலி, பால் போடறதுக்கு முன்னாடி தேய்க்கறது நல்லது.

இந்த இடத்துல வாய் மேல்அண்ணத்துல ஒட்டற பொருக்கு பத்தி சொல்லியே ஆகணும், ஏன்னா புத்தகத்துல ஒரு வரியில போயிடும், நேர்ல பாத்தா பயந்துடுவீங்க. வாயைத் திறந்தே தூங்கற டியூப் நோயாளிக்கு எச்சிலும் சளியும் உதிர்ந்த தோலும் சேர்ந்து மேல்அண்ணத்துல பழுப்பா, காய்ஞ்ச வெங்காயத் தோல் மாதிரி ஒட்டிக்கும். புதுசா பாக்கற பிள்ளைங்க அதை புண்ணுன்னு நினைச்சு தொடவே மாட்டாங்க, இல்லன்னா நகத்தால பிய்ச்சு எடுப்பாங்க, ரெண்டும் தப்பு. காஞ்சதை பிய்ச்சா கீழ இருக்கற தோலும் சேர்ந்து வந்து ரத்தம் கசியும். முதல்ல தண்ணியில நனைச்ச காஸ்ல நனைச்சு விடுங்க, மேல வாய் ஜெல்லை தாராளமா தடவுங்க, அப்படியே விட்டுட்டு அஞ்சு பத்து நிமிஷம் போய் வேற வேலை பாருங்க. திரும்பி வந்து டார்ச் அடிச்சு பாத்தீங்கன்னா ஓரம் தூக்கியிருக்கும், அந்த ஓரத்துல இருந்து சாஃப்ட் பிரஷ்ஷால பின்னாலிருந்து முன்னால, தொண்டையிலிருந்து வெளியே வர்ற பக்கமா, மெதுவா உருட்டினா வந்துடும். உடைஞ்சு விழுந்த துண்டு தொண்டைக்குள்ள போகாம உடனே எடுத்துடணும். ஒரே நாள்ல முழுசா வரணும்னு அடம் பிடிக்காதீங்க, மறுநாளும் பண்ணலாம். வந்ததுக்கு அப்புறம் கீழ தெரியற அண்ணம் ரோஸ் கலர்ல பளபளன்னு இருக்கும், அன்னைக்கு அவங்க குரலே கொஞ்சம் தெளிவா வரும்.

பாட்டில்ல வர்றது: குளோர்ஹெக்சிடின், உப்புத் தண்ணி, பேக்கிங் சோடா, நல்லெண்ணெய்

இங்க ஃபார்மசியில போய் "படுக்கையில இருக்கறவங்களுக்கு மவுத்வாஷ்"னு கேட்டா பெரும்பாலும் 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் பாட்டிலைத்தான் எடுத்து கொடுப்பாங்க. கிருமியை கொல்லும், அதுல பொய் இல்ல. வென்டிலேட்டர்ல இருக்கறவங்களுக்கு ஐசியூல இதை வருஷக்கணக்கா வழக்கமா தடவிக்கிட்டு இருந்தாங்க. ஆனா 2014ல எல்லா ஆய்வையும் சேர்த்து மறுபடி அலசினப்போ நிமோனியா குறையுதுங்கறதுக்கு பலமான ஆதாரம் இல்ல, சாவு கொஞ்சம் கூடுதோங்கற சந்தேகம்தான் வந்துச்சு. 2022ல அமெரிக்க தொற்றுத் தடுப்பு சங்கங்கள் கொண்டு வந்த புது வழிகாட்டியில வென்டிலேட்டர் நோயாளிக்கு டூத்பிரஷ்ஷால வாய் சுத்தம் பண்ணுங்க, குளோர்ஹெக்சிடின் இல்லாம பண்ணுங்கன்னே போட்டுட்டாங்க. 2023 கடைசியில 15 ஆய்வுகளை சேர்த்து வந்த இன்னொரு அலசல்ல தினமும் பல் தேய்ச்சு விட்டவங்களுக்கு ஆஸ்பத்திரியில வர்ற நிமோனியா மூணுல ஒரு பங்கு குறைஞ்சிருந்துச்சு, அதுவும் வென்டிலேட்டர் நோயாளிங்ககிட்டதான் பலன் தெளிவா தெரிஞ்சுச்சு. ஐசியூ வேற, வீடு வேறன்னு சொல்லுவீங்க, சரிதான். ஆனா ஐசியூவிலயே பாட்டில் பின்னால போய் பிரஷ் முன்னால வந்துடுச்சுன்னா வீட்டுல எதுக்கு பாட்டிலை பிடிச்சு தொங்கணும்?

இன்னொரு நடைமுறை பிரச்சனை, குளோர்ஹெக்சிடின் தொடர்ந்து யூஸ் பண்ணா பல்லும் நாக்கும் பழுப்பா மாறும், ருசி போகும், ஏற்கனவே வெத்தலை போட்டு கறை இருக்கற பாட்டிக்கு இது வேற சேரும், பேரப்பிள்ளைங்க பாத்துட்டு பல் அழுகிடுச்சுன்னு பயப்படுவாங்க. பேஸ்ட்ல நுரை வர்றதுக்கு போடற எஸ்எல்எஸ் இந்த மருந்தோட வீரியத்தை குறைச்சிடும், அதனால ரெண்டுக்கும் நடுவுல அரை மணி நேரமாவது இடைவெளி விடணும். கொப்பளிச்சு துப்ப முடியாதவங்க வாயில ஊத்தவே கூடாது, பிரஷ்ஷையோ காஸையோ நனைச்சு தடவலாம், அவ்வளவுதான். பல் புடுங்கினதுக்கு அப்புறம், ஈறு ரொம்ப வீங்கி பிரஷ் வைக்க முடியாத நேரம், பல் டாக்டர் சொன்ன சில நாளைக்கு, அப்ப எல்லாம் இது உதவும். வருஷம் முழுக்க பழக்கமா வேண்டாம்.

பேஸ்ட்னா ஃப்ளோரைடு இருக்கற சாதாரண பேஸ்ட்தான், பெரியவங்க பேஸ்ட்ல பல பிராண்டுல 1450 பிபிஎம் அளவு இருக்கும், டியூப் பின்னாடி பாருங்க. முழுங்கறதுல பிரச்சனை இருக்கறவங்களுக்கு எஸ்எல்எஸ் இல்லாத, நுரை வராத பேஸ்ட் தேடி வாங்கறது நல்லது, நுரை வந்தா அதை கட்டுப்படுத்தவே ஒரு ஆள் வேணும். முழுங்கறதை பரிசோதிக்கற ஸ்பீச் தெரபிஸ்ட் தண்ணியை கெட்டியாக்கித்தான் கொடுக்கணும்னு சொல்லியிருந்தா அந்த ரூல் மவுத்வாஷுக்கும் வாய் கழுவற தண்ணிக்கும் சேர்த்துதான், இதை நிறைய வீட்டுல மறந்துடறாங்க. தண்ணிக்கு திக்கனர் போட்டு கரெக்டா கலக்கறாங்க, சாயங்காலம் வாய் கொப்பளிக்க மட்டும் வெறும் தண்ணிய டம்ளர்ல கொடுக்கறாங்க!

உப்புத் தண்ணி, பேக்கிங் சோடா கரைச்ச தண்ணி ரெண்டும் மலிவு, கொழகொழன்னு இருக்கற சளியை சோடா தண்ணி நல்லா கரைக்கும், பிரஷ்ஷை அதுல தொட்டு யூஸ் பண்ணலாம். ரொம்ப எதிர்பாக்காதீங்க, வாய் காய்ஞ்சவங்களுக்கு உப்பு எரியும்.

நல்லெண்ணெய். இதுக்கு நான் திட்டு வாங்கினாலும் பரவால்ல. நம்ம ஆளுங்க வீட்டுல கண்டிப்பா ஒரு அத்தையோ பெரியம்மாவோ வந்து "ஆயில் புல்லிங் பண்ணிவிடு, வாய் நாத்தம் போயிடும்"னு சொல்லுவாங்க. நல்லா இருக்கற ஆளு பண்ணிக்கட்டும், எனக்கு ஒண்ணும் இல்ல. முழுங்கறதுல பிரச்சனை இருக்கறவங்க வாயில எண்ணெய் ஊத்தறது ஆபத்து, எண்ணெய் நுரையீரலுக்குள்ள போனா இருமல்கூட சரியா வராது, அது உள்ளயே தங்கி ஒரு தனி வகை நிமோனியாவையே கொண்டு வரும். உதட்டுல லேசா தடவணும்னா தடவுங்க, ஆனா ஆக்சிஜன் போட்டிருக்கறவங்களா இருந்தா அதுவும் வேண்டாம், தண்ணி பேஸ்ல இருக்கற லிப் ஜெல் வாங்குங்க. நாக்குல தேன் தடவறதும் வேண்டாம், அது சர்க்கரை, சொத்தைக்கு விருந்து.

பொய்ப்பல் பத்தி சுருக்கமா. ராத்திரி கழட்டணும், கழட்டியே ஆகணும். ஜப்பான்ல 85 வயசுக்கு மேல இருக்கற 524 பேரை வச்சு பாத்த 2015 ஆய்வுல பொய்ப்பல்லோட தூங்கறவங்களுக்கு நிமோனியா வர்ற வாய்ப்பு ரெண்டு மடங்குக்கும் மேல. பேஸ்ட் போட்டு தேய்க்காதீங்க கீறல் விழும், பாத்திரம் கழுவற லிக்விட் ஒரு சொட்டு போதும், கழுவற சிங்க்ல கொஞ்சம் தண்ணி நிரப்பி வச்சுக்கிட்டா கை தவறினாலும் உடையாது. ஈறையும் நாக்கையும் தனியா சாஃப்ட் பிரஷ்ஷால தேய்க்கணும். பல்லே இல்லாதவங்களுக்கும் இதேதான்.

யார் தேய்க்கறது: பிள்ளையா, ஹெல்ப்பரா, ஏஜென்சி ஆளா

என்னைக் கேட்டா மொத்த முடிவுலயும் இதுதான் பெரிய முடிவு, பிரஷ் பிராண்டு எல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

பெரும்பாலான வீட்டுல ஹெல்ப்பர்தான் பண்றாங்க. இந்தோனேசியாவுல இருந்தோ மியன்மார்ல இருந்தோ வந்த சின்னப் பொண்ணு, கட்டிலை தூக்க, டயப்பர் மாத்த, பால் போட எல்லாத்துக்கும் யாரோ ஒருத்தர் காட்டிக் கொடுத்திருப்பாங்க. வாய்க்கு மட்டும் "பிரஷ் பண்ணு"ன்னு சொல்லிட்டு போயிடுவாங்க. அந்தப் பொண்ணுக்கு ரெண்டு பயம். ஒண்ணு கடிச்சிடுவாங்களோங்கறது. இன்னொன்னு ரத்தம். வீங்கின ஈறு முதல் நாள் பிரஷ் பட்டதும் ரத்தம் விடும், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட விடும், மேடம் பாத்தா நம்ம மேல கோவிச்சுக்குவாங்கன்னு அந்தப் பொண்ணு மறுநாளே பிரஷ்ஷை விட்டுட்டு ஸ்பாஞ்சுக்கு போயிடும். ஈறு வீக்கத்துக்கு காரணமே அங்க சேர்ந்த அழுக்குதான், சாஃப்ட்டா தேய்ச்சுக்கிட்டே வந்தா பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரத்துல ரத்தம் குறையும்னு யாராவது அவகிட்ட முன்கூட்டியே சொல்லியிருக்கணும். நிக்காம வழிஞ்சா, கட்டி கட்டியா வந்தா, அது வேற, அப்ப டாக்டர்கிட்ட போகணும். இந்த ரெண்டு வாக்கியத்தை அவகிட்ட நீங்க சொல்லிட்டா எந்த பாட்டிலும் பண்ணாத வேலையை அது பண்ணும்.

கடிக்கு பதில் என்னன்னா, பல்லுக்கு நடுவுல விரலே போகக்கூடாது. கன்னத்தை ஒதுக்கிப் பிடிக்க இன்னொரு பழைய பிரஷ்ஷோட கைப்பிடியை யூஸ் பண்ணுங்க, ஒரு பிரஷ் கன்னத்தை ஒதுக்கும், இன்னொன்னு தேய்க்கும். முதல்ல வெளிப்பக்கம், கடைசியா உள்பக்கம். விரல்ல துணி சுத்தி தேய்க்கறது நம்ம வீட்டு பழக்கம், குழந்தைக்கு ஓகே, டிமென்ஷியா பெரியவங்களுக்கு வேண்டாம், அவங்க தாடைக்கு இன்னும் பலம் இருக்கு.

பிள்ளைங்களே பண்றது? நேரம் இருந்தா அதை விட நல்லது இல்ல, ஆனா எல்லா உறவும் இதுக்கு ஒத்து வராது. மாமியார் வாயை மருமக தொடறதுல ரெண்டு பேருக்குமே கூச்சம் இருக்கும், மகன் வந்து வாயைத் திறங்கன்னா சில அம்மாக்கள் முகத்தை திருப்பிக்குவாங்க, அதே அம்மா வெளியாளு நர்ஸ் சொன்னா ஆன்னு திறப்பாங்க. அது பாசக் குறைவு இல்ல, தன்மானம். அப்படி இருந்தா ஹெல்ப்பர் தினமும் தேய்க்கட்டும், பிள்ளை வாரத்துக்கு ஒருக்கா டார்ச் அடிச்சு உள்ள பாருங்க, இந்த பங்கு பிரிச்சுக்கறது நல்லா வேலை செய்யுது.

ஏஜென்சி ஆளு விஷயத்துல ஒரு குழப்பம் இருக்கு. ஹோம் நர்சிங்ல வர்ற நர்ஸ் மூக்கு டியூப் மாத்த, புண்ணுக்கு கட்டு போட, கதீட்டர் மாத்த வர்றவங்க, தினமும் பல் தேய்க்க வர மாட்டாங்க. அதுக்கு ஹோம் பெர்சனல் கேர்னு வேற சர்வீஸ், மணிக்கணக்குல வந்து குளிப்பாட்டி, வாய் சுத்தம் பண்ணி, துணி மாத்தி விடுவாங்க, ஏஐசி (முதியவங்க பராமரிப்பை ஒருங்கிணைக்கற இங்கத்த அமைப்பு) மூலமா கேட்டா தகுதி இருந்தா மானியமும் உண்டு. ஹெல்ப்பரையோ உங்களையோ கோர்ஸுக்கு அனுப்பறதுக்கு கேர்கிவர்ஸ் டிரெயினிங் கிராண்ட்னு ஒரு பயிற்சி மானியம் இருக்கு, கோர்ஸ் பட்டியல்ல வாய் பராமரிப்பு சேர்ந்திருக்கான்னு பாத்துட்டு பதிவு பண்ணுங்க. அதுக்கு முன்னாடி காசே இல்லாத ஒரு வழி இருக்கு, டிஸ்சார்ஜுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஹெல்ப்பரை வார்டுக்கு கூட்டிட்டு வந்து "மிஸ்ஸி, நீங்க ஒரு தடவ பண்ணிக் காட்டுங்க, அப்புறம் அவ பண்றதை பாருங்க"ன்னு கேளுங்க. டியூப் ஃபீடிங்குக்கு நாங்க அப்படித்தான் பண்றோம், வாய்க்கும் கேட்டா பண்ணுவோம், கேக்கறவங்கதான் இல்ல.

வாயே திறக்கலன்னா

மூணு வழி: பிடிச்சு வச்சு பண்றது, விட்டுடறது, நேரத்தையும் முறையையும் மாத்தறது. முதல் வழி ஒரே ஒரு தடவ வேலை செய்யும், அடுத்த நாள்ல இருந்து பிரஷ்ஷை பாத்தாலே கத்துவாங்க. மூணாவதுதான் வழி, பொறுமை வேணும். ராத்திரி தூக்கக் கலக்கத்துல வேண்டாம், குளிச்சு முடிச்சு சந்தோஷமா இருக்கறப்ப பாருங்க. எதிர்ல உக்காந்து நீங்க ஒரு பிரஷ் பிடிச்சு தேய்ச்சு காட்டுங்க, அவங்க கையில ஒண்ணு கொடுத்து அவங்க கை மேல உங்க கையை வச்சு ஆரம்பிங்க. எங்க வார்டுல ஒரு பாட்டி, யாரு பிரஷ் கொண்டு போனாலும் தட்டி விடுவாங்க. ஊர்ல சின்ன வயசுல பல்பொடிய விரல்ல தொட்டு தேய்ச்ச ஆளு, பிரஷ்ஷை ஏதோ ஊசின்னு நினைச்சிருக்கணும். நான் பக்கத்துல உக்காந்து "பாட்டி, பல்லு வெளக்கலாமா?"ன்னு கேட்டு அவங்க ஆள்காட்டி விரல்ல துளி பேஸ்ட் வச்சேன், தானா வாயைத் திறந்து முன்பல்லை தேய்க்க ஆரம்பிச்சாங்க, அந்த கேப்ல பின்பல்லுக்கு பிரஷ் உள்ள போயிடுச்சு. நிஜ பல்பொடி வேண்டாம், தூள் தொண்டைக்குள்ள போய் இருமல் வரும்.

ஒரு நாள் முழுசா முடியலன்னா காலையில மேல் வரிசை, சாயங்காலம் கீழ் வரிசைன்னு பிரிச்சுக்கலாம். திடீர்னு ஒத்துழைக்க மறுத்தா அதுக்கு காரணம் வலியாவும் இருக்கலாம், அதை மறக்காதீங்க.

பல் டாக்டர்: வீட்டுக்கு வரவழைக்கறதா, கொண்டு போறதா

தினசரி பிரஷ் எவ்வளவு நல்லா இருந்தாலும் ஆடற பல்லை பிரஷ் சரி பண்ணாது, அது கழண்டு மூச்சுக்குழாய்க்குள்ள போகலாம். துடைச்சாலும் திரும்ப வர்ற வெள்ளைத் திட்டு, கன்னத்துல வீக்கம், ஊட்டறப்ப ஒரு பக்கம் மட்டும் ஒதுக்கறது, புதுசா கெட்ட வாடை, இதெல்லாம் பாத்தா காத்திருக்க வேண்டாம். எலும்பு பலத்துக்கு ஊசி ஆரம்பிக்கப் போறாங்கன்னா அதுக்கு முன்னாடியே பல்லை காட்டிடணும், அப்புறம் பல் புடுங்கினா தாடை எலும்பு ஆறாம போற சிக்கல் வரலாம்.

சில தனியார் பல் டாக்டர்கள் வீட்டுக்கே கருவியோட வர்றாங்க. கட்டிலை விட்டே எறங்க முடியாதவங்களுக்கு அது வரம், செக்கப், சுத்தம் பண்றது, பொய்ப்பல்லை சரி பண்றது, லேசான பல் புடுங்கறது வரைக்கும் பண்ணுவாங்க, செலவு கூட. வீல்சேர்ல ஒரு மணி நேரம் உக்கார முடிஞ்சவங்களை கொண்டு போறதே நல்லதுன்னு நான் நினைக்கிறேன், எக்ஸ்ரே இருக்கு, ஏதாவது ஆச்சுன்னா கூட ஆளு இருக்கு. சாதாரண வேலைக்கு பக்கத்துல இருக்கற, அரசு மானியத் திட்டத்துல சேர்ந்த சாஸ் கிளினிக் போதும், மூத்த தலைமுறைக்கு அரசு கொடுக்கற பயனியர், மெர்டேக்கா தலைமுறை கார்டு இருந்தா வருமானம் பாக்காமலே அங்க பல்லுக்கு மானியம் உண்டு. நிறைய வியாதி, நிறைய மருந்து, ஒத்துழைக்க மாட்டாங்கன்னா அவுட்ரம்ல நேஷனல் டென்டல் சென்டர்ல முதியவங்களுக்கும் ஸ்பெஷல் கேருக்கும் தனி கிளினிக் இருக்கு, கென்ட் ரிட்ஜ் பக்கம் பல்கலைக்கழக பல் மருத்துவ மையமும் இருக்கு, ரெஃபரல் வாங்கிட்டு போனா மானியத்துக்கு வழி இருக்கும், காத்திருப்பு இருக்கும்னு எதிர்பாத்துக்கோங்க. போக வர ஆளு இல்லாதவங்களுக்கு மெடிக்கல் எஸ்கார்ட் சர்வீஸும் ஏஐசி மூலமா கேக்கலாம்.

போன் பண்ணி அப்பாயின்மென்ட் போடறப்பவே வீல்சேர்ல உக்காந்தபடியே பாப்பாங்களா, கட்டாயம் டென்டல் சேருக்கு மாத்தணுமான்னு கேட்டுடுங்க. மருந்து லிஸ்ட்டை எடுத்துட்டு போங்க, ரத்தம் உறையாம இருக்க கொடுக்கற மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, அது டாக்டருங்க பேசி முடிவு பண்ண வேண்டியது. டிராயர்ல கிடக்கற பழைய பொய்ப்பல்லையும் ஒரு டப்பால போட்டு கூடவே கொண்டு போங்க, பல வருஷமா போடலன்னாலும் சரி. ஹெல்ப்பரையும் உள்ள கூட்டிட்டு போங்க, எந்த பல்லு பக்கத்துல கவனமா இருக்கணும்னு டாக்டர் காட்டறப்ப பாக்க வேண்டியது அவங்கதான்.